கேமராவின் மேல் ஒரு சேலை

செவ்வாய்தோறும் அம்மன் கோயிலுக்கு வெள்ளத்தாய் போகிற நேரம் பார்த்து, அவள் வீட்டில் பித்தளைப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வந்த கள்ளன் பழைய சோற்றையும் சாப்பிட்டு, தட்டைக் கழுவி அடுப்பின் மேல் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தான். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகன் கோமதிநாயகம்தான் அப்படிக் கவிழ்ப்பான். சாவி இருக்கும் இடமும் அவனுக்குத்தான் தெரியும். வந்தது அவன்தான் என்று அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பாத்திரம் போனதைக் கேட்டு ஓடிவந்த மகள் பொன்மாரி, வாசலில் கேமரா மாட்டினாள். “இனி ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான்மா!”

சொன்னபடியே ஆயிற்று, கண்ணுகளா. அப்புறம் ஒன்றும் களவு போகவில்லை. செவ்வாய்தோறும் சோறு மட்டும் அப்படியே மிஞ்சியது.

நேற்று, ஈரச் சேலையைப் பிழிந்து கேமராவின் மேல் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள். உடனே பொன்மாரி போனில் கூப்பிட்டாள்.

“எம்மா, ஒண்ணுமே தெரியலயே?”

“சேல காயுதுட்டி.”

“காயப்போட வேற எடமா இல்ல?”

“அங்கதான் வெயிலு.”

பூசை முடிந்து நடை சாத்திய பிறகும் வெள்ளத்தாய் எழுந்திருக்கவில்லை.

“வீட்டுக்கு வரலையா மயினி?” என்றாள் பக்கத்து வீட்டு இசக்கி.

“நீ போ. அவன் மெதுவாத்தான் சாப்பிடுவான்.”