சேரில் உட்கார்ந்த மெக்கானிக்

"கட்டின பொண்டாட்டி காருக்கு அடியில படுத்துக்கினு கஷ்டப்படறா. நீ சேர் போட்டு உக்காந்து போன் பார்த்துக்கினு இருக்கே. நல்லா இருக்குதுப்பா!"

எதிர் வீட்டு ஜான்சன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த சட்டையைக்கூட அவர் இன்னும் மாற்றவில்லை.

கமல் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "அவ பார்த்துப்பாண்ணே."

பிள்ளையார்பாளையத்தில் கமலைத் தெரியாத டிரைவர் கிடையாது. மெயின் ரோட்டில் சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். மனைவி ஜோதிகா ஷெட்டில் அவனுக்கு ஒத்தாசை. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்று கோளாறு அவர்களுடைய சொந்தக் காரில். எஞ்சினிலிருந்து ஆயில் ஒழுகி வாசலெல்லாம் கறை. ஆயிலை வெளியே விடாமல் தடுக்கிற ரப்பர் சீல், கிராங்க் புல்லிக்குப் பின்னால் இருக்கிறது. பெல்ட் ஓடுகிற அந்த இரும்புச் சக்கரத்தைக் கழற்றினால்தான் சீலை மாற்ற முடியும்.

ஜோதிகா முன்பக்க டயரைக் கழற்றி, பெல்ட்டையும் உருவிவிட்டாள். புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் திருகினாள். போல்ட் கழலவில்லை. புல்லியே சேர்ந்து சுற்றியது.

"கியரைப் போட்டு பிரேக்கை மிதிச்சா சுத்தாது. ஏறி உக்காந்து மிதியேன்பா, அதுகூடவா முடியாது?" என்றார் ஜான்சன்.

கமல் அசையவில்லை.

ஜோதிகா எழுந்தாள். கியரைப் போட்டாள். வீட்டுக்குள் போய் ஒரு மரக்கட்டை கொண்டுவந்து, பிரேக் பெடலை அழுத்தி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே செருகினாள். ஸ்பேனர் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி, உடம்பு பாரத்தையெல்லாம் அதன் மேல் போட்டாள்.

ஸ்பேனர் வழுக்கியது. விரல் முட்டிகள் தரையில் உரசி ரத்தம் வந்துவிட்டது.

"ஐயையோ!" பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் ஓடி வந்தாள். கிழிந்த துணியால் கையைக் கட்டியபடியே கமலை முறைத்தாள். "கல்லுப்பா நீ."

கமல் சேரிலிருந்து பாதி எழுந்தவன், ஜோதிகாவின் முகத்தைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டுத் தறியை நிறுத்திவிட்டு நாலைந்து பேர் வந்தார்கள். வேன் ஓட்டுகிற மணிவண்ணனும் பைக்கை நிறுத்தினான்.

ஜோதிகா கட்டுப்போட்ட கையோடு மறுபடி குழாயைப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே அழுத்து.

படார்!

எதுவோ உடைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உடையவில்லை. போல்ட் விட்டுக்கொடுத்திருந்தது.

ஆனால் புல்லி வரவில்லை. துரு பிடித்து, எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சுத்தியால ஒரு போடு போடும்மா, வந்துடும்" என்றான் மணிவண்ணன்.

"அடிச்சா விளிம்பு உடைஞ்சிடும்ணா. உள்ள கிராங்க்குக்கும் ஆகாது. இழுத்துத்தான் எடுக்கணும்."

துருவில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தாள். பிறகு புல்லர் என்கிற கருவியை மாட்டினாள். நடு ஸ்க்ரூவைத் திருகத் திருக, அதன் கொக்கிகள் புல்லியைக் கவ்வி வெளியே இழுத்தன. கட்டுத்துணியில் ரத்தம் ஊறியது.

ஜான்சனுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். "நகரும்மா, நான் பார்க்கறேன்."

"அண்ணே! அதைக் கீழ வைங்க."

கமலின் குரல் அப்படி ஒலித்து அந்தத் தெரு கேட்டதில்லை. ஜான்சனின் முகம் சுருங்கிப்போனது.

"நீயும் செய்ய மாட்டே, செய்ய வர்றவனையும் விட மாட்டியா? இன்னா மனுஷன்பா நீ?"

ஸ்பேனரை வைத்துவிட்டு விலகி நின்றார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் கமலைத் திட்டியது அவன் காதிலும் விழுந்தது.

ஜோதிகா யாரையும் பார்க்கவில்லை. கொஞ்சம் திருகினாள். நிறுத்தினாள். எண்ணெய் விட்டாள். மறுபடி திருகினாள்.

டக்.

புல்லி அவள் மடியில் வந்து விழுந்தது. விளிம்பில் ஒரு கீறல் இல்லை.

பட்டம்மாள் கை தட்டினாள். தெருவே சேர்ந்து தட்டியது. ஜோதிகா முகமெல்லாம் கிரீஸோடு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மணிவண்ணன் அவளருகே குனிந்தான். "யம்மா, என் வேன்லயும் இதே மாதிரி ஆயில் ஒழுகுது. நாளைக்குக் கொண்டாந்தா நீயே பார்க்கறியா?"

"கொண்டாங்கண்ணா. பார்த்துடலாம்."

ஜான்சன் கமலின் பக்கம் திரும்பினார். கோபம் இன்னும் ஆறவில்லை.

"அவ கையைப் பாருப்பா. உனக்கு வெக்கமா இல்ல?"

கமல் எழுந்து அவர் அருகில் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வெக்கமாத்தான் இருக்குதுண்ணே. உங்க காருக்கு கிளட்ச் மாத்தினது அவதான். 'அவ பண்ணது'ன்னு சொன்னேன், நீங்க சிரிச்சுட்டு என் கையைப் புடிச்சுக் குலுக்கினீங்க. எல்லாரும் அப்படித்தான். வர்ற வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு அவ பேர்ல போர்டு மாட்டறோம். இன்னைக்கு நான் ஒரு ஸ்பேனரை எடுத்துக் குடுத்திருந்தாக்கூட, 'கமல்தான் கழட்டினான்'னு இந்தத் தெரு சொல்லியிருக்கும்ணே."