கைப்பிடி இல்லாத பெட்டி

"குழந்தைன்னா குழந்தைதான், அவிஷாய். அது நாடும் இல்ல, நகரமும் இல்ல."

பேராசிரியர் தல்மா கையெழுத்துப் போடாமலே தாளை மேசைமேல் வைத்தார்.  இன்று கையெழுத்து விழாவிட்டால் அவிஷாயின் ஆய்வுத் தலைப்பு போச்சு. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்து எபிரேய இலக்கியத் துறையில் மிச்சமிருந்தது ஒரே தலைப்புதான்: 'எபிரேய நாவல்களில் அரைப்புள்ளி'.

"தல்மா, நம்ம நாவல்ல ஒருத்தன் குழாயை மூடினாக்கூட அது எல்லைப் பிரச்சினைதான்னு முதல் வருஷத்துல சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்."

"சொன்னேன். அதுக்குச் சம்பளம் வாங்குறேன்ல."

"இந்த நாவலுக்கு மட்டும் ஏன் மாட்டேங்கறீங்க? எனக்கு முன்னாடி மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டீங்களாம். புனைபெயர்ல ஒரே நாவல் எழுதிட்டுச் செத்துப்போன மனுஷன். ஆள் யாருன்னே தெரியாது. எழுந்து வந்து சண்டை போடவா போறாரு?"

தல்மா ஒரு சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினார். "அந்த உவமையைப் படி."

அவிஷாய் படித்தான். "'பேருந்தில் தூங்கிப்போன மகளை, கைப்பிடி இல்லாத பெட்டியைப் போல அவன் தூக்கிக்கொண்டான்.' இதுக்கு மேல என்ன வேணும்? கைப்பிடி இல்லாத பெட்டின்னு நாம தினம் சொல்றதுதானே. தூக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. அப்பன்தான் மக்கள். பொண்ணு தேசம். இறக்கி வைக்க முடியாத சுமை."

"சுமையா?" தல்மாவின் குரல் இறங்கியது. "சரி, கைப்பிடி இல்லாத பெட்டியை நீ எப்படித் தூக்குவ?"

"ரெண்டு கையையும் அடியில குடுத்து... நெஞ்சோட அணைச்சு."

 அவிஷாய் தாளை இழுத்து, தலைப்பிலிருந்த 'தேசம்' என்ற சொல்லைத் தானே அடித்தான். 'ஒரு தகப்பனின் கைகள்' என்று எழுதி நீட்டினான். பெரிய விமர்சகனாகும் வாய்ப்பு அத்தோடு போயிற்று என்று தோன்றியது.

தல்மா கையெழுத்துப் போட்டார். போட்டபின்னும் தாளை விடவில்லை.

"ஒரு திருத்தம், கண்ணா. பஸ்ஸை விட்டு இறங்குறப்ப அந்தப் பொண்ணோட செருப்பு ஒண்ணு கழண்டு விழுதுல்ல? அது வலது கால் செருப்பு."

"இல்லையே, இடதுன்னுதான் இருக்கு. எல்லாப் பதிப்பையும் பார்த்துட்டேன்."

"தெரியும்," என்றார் தல்மா. "அப்பாவுக்கு எப்பவுமே இடம் வலம் குழம்பும்."