மடக்கிய கால்

நெடும்பயணம் நெருங்கியதால் பூநாரைகள் நாள்தோறும் நீரின்மேல் ஓடி எழுந்து பயிற்சி செய்தன. வஞ்சிக்குக் கால்விரல் வீங்கி, உடலும் ஓய்ந்திருந்தது. தெரிந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவார்களே என்று நடுங்கி, ஓடாத வேளையெல்லாம் அந்தக் காலை இறகுக்குள் மடக்கிக்கொண்டாள். ஒற்றைக்காலில் நிற்பது அவர்கள் வழக்கம். யாருக்கும் ஐயம் எழவில்லை.

தோழி குமுதினி மட்டும் கவனித்துவிட்டாள். "ஏண்டி, நீ காலை மாற்றி நிற்கவே மாட்டாயா?"

"இந்தக் கால்தான் ராசி."

"ராசியா? மற்றதை ஊன்றினால் முகம் கோணுகிறதே!"

அப்போது கூட்டத்தின் தலைவர், "இன்னொரு முறை ஓடுவோம்" என்றார். வஞ்சி மடக்கிய காலை ஊன்றினாள், கண் இருண்டது.

"என்னால் முடியவில்லை, ஐயா. கால் வலிக்கிறது."

தலைவர் தம் இறகுக்குள்ளிருந்து வீங்கிய காலொன்றை மெல்ல இறக்கினார்.

"யாராவது முதலில் சொல்லமாட்டீர்களா என்று காத்திருந்தேன், அம்மா."