சீறும் பெட்டி

"இங்க காதை வச்சுக் கேளு கனி. ஸ்ஸ்ஸ்னு வருதா இல்லையா? பெட்டியில எங்கயோ காத்து போகுது."

பிரசன்னா ஹாலில் சமையலறை வாசலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அந்த மரப்பெட்டியின் முதுகில் காதை ஒட்ட வைத்திருந்தான். அவன் மனைவி கனிமொழியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்தாள். வரத்தான் செய்தது. ஸ்பீக்கரிலிருந்து 'ஹூம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்த சோதனை ஒலிக்கு நடுவே, மெல்லிசாக ஒரு சீறல்.

மணி நாலரை. ஐந்தரைக்கெல்லாம் ரசாக் பாய் வந்து நின்றுவிடுவார்.

கரையான்சாவடியில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக், லேசில் யாரையும் மெச்சுகிற ஆளில்லை. அவர் காதுக்கு இந்தப் பெட்டி பிடித்துவிட்டால், இனிமேல் அந்தக் கடைக்கு வேண்டிய பெட்டியெல்லாம் பிரசன்னாதான் செய்வான். பிடிக்கவில்லையா, திங்கட்கிழமை அவன் பெங்களூரு பஸ் ஏறி, வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொண்ட ஐ.டி. வேலையில் போய் உட்கார வேண்டும். டீச்சர் வேலையை விட முடியாத கனிமொழி இந்த அம்பத்தூர் ஃபிளாட்டில் தனியாகக் கிடக்க வேண்டும். கல்யாணமாகி முழுசாக எட்டு மாதம் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

பெட்டி சாமானியப்பட்ட பெட்டியும் இல்லை. முன்பக்கம் ஸ்பீக்கர், அதன் கீழே பிளம்பிங் சாமான் கடையில் வாங்கிய நாலு அங்குலக் குழாய். உள்ளே இருக்கிற காற்று அந்தக் குழாய் வழியாக மூச்சு விட்டால்தான் பேஸ் அடிவயிற்றில் வந்து இறங்கும். குழாய் நீளமாக இருந்தால் ஒலி மந்தமாகிவிடும், குட்டையாகிவிட்டால் டமடமவென்று இரையும். மூன்று நாளாக அரை அங்குலம் அரை அங்குலமாக அறுத்து அறுத்து, இன்று மத்தியானம்தான் அந்தப் பாழாய்ப்போன குழாய் வழிக்கு வந்தது. நாலு மணிக்கு டீயைக் குடித்துவிட்டு வந்து மறுபடி ஓடவிட்டால், இந்தச் சீறல். குழாயைத் தவிர வேறு எந்த இடுக்கில் காற்று போனாலும் பட்ட பாடெல்லாம் வீண்.

அவனும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டான். மூட்டுக்கு மூட்டு பசையை அப்பினான். திருகாணிகளை இறுக்கினான். ஸ்பீக்கரையே கழற்றித் திரும்ப மாட்டினான். சீறல் குறைந்தபாடில்லை. பசை நெடியில் தலை கிர்ரென்று சுற்றியது, குமட்டிக்கொண்டு வேறு வந்தது. கனிமொழிக்கு ஜலதோஷம் பிடித்ததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இந்த நாற்றத்துக்கு நேற்றே அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள்.

அவளுக்கும் தலை பாரமாகத்தான் இருந்தது. ஜன்னலையாவது திறக்கலாமே என்றாள். அவன் கூடவே கூடாது என்றுவிட்டான். எதிர் ஃபிளாட் சாமுண்டீஸ்வரி அம்மாள் இந்தச் சத்தத்துக்காக இரண்டு தடவை செக்ரட்டரியிடம் புகார் சொல்லியாகிவிட்டது. பாய் வருகிற நேரத்தில் அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றால் மானம் போய்விடும்.

கடைசியில் வேறு வழியில்லாமல் ரசாக்கையே போனில் கூப்பிட்டான். பரீட்சை வைக்கிறவரிடமே பதிலைக் கேட்கிறோமே என்று கூச்சமாக இருந்தது.

"பாய், ஒரு சின்ன லீக். எங்கேன்னு கண்டுபிடிக்க முடியல."

"விட்டு விட்டு வருதா நைனா, ஒரே சீரா வருதா?"

"ஒரே சீராத்தான் பாய்."

"அப்பிடி வராதே..." ரசாக் யோசித்தார். பின்னால் பஸ் ஹாரன்கள் அலறின. "சரி, ஒண்ணு பண்ணு. ஊட்ல ஊதுபத்தி கீதா? கொளுத்தி ஓரம் ஓரமா காட்டிக்கினே வா. பொகை எங்க ஆடுதோ அங்கதான் ஓட்டை. ஒலிய மட்டும் நிறுத்திடாத, காத்து ஓடினாத்தான் பொகை ஆடும். நான் திருவேற்காடு தாண்டிட்டேன்."

திருவேற்காடு என்றால் பாதி வழிக்கு மேல் வந்துவிட்டார். கனிமொழி ஹாலில் இருந்த சாமி அலமாரியைத் திறந்து ஊதுபத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து வந்தாள். முதல் குச்சி நமத்துப் போயிருந்தது. உரசியதும் மருந்து உதிர்ந்து விழுந்தது. சீக்கிரம் ஆகட்டும் என்று அவன் எரிந்து விழுந்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆனாலும் இரண்டாவது குச்சியை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

பிரசன்னா அப்படியே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பெங்களூரு பஸ்ஸே வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது அவனுக்கு.

"கரண்ட் இப்ப வந்துடும்ங்க," என்று கனிமொழி அவனைத் தேற்றினாள். "அதுக்குள்ள நான் இதைக் கொளுத்தி வைக்கிறேன்."

மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஆம்பிளிஃபயரின் பச்சை விளக்கு அணைந்திருந்தது. 'ஹூம்ம்' அடங்கிப்போனது. அவள் குச்சியைத் தீப்பெட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

பிரசன்னா பாய்ந்து அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான்.

"என்னங்க?"

அவன் குச்சியைப் பிடுங்கினான். பெட்டி மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தது, சீறல் மட்டும் நிற்காமல் சமையலறையில் காஸ் அடுப்பிலிருந்து ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.