ஊசிக்கோடு

“ஒரு நிமிஷம் ஐயா, ஒரே ஒரு நிமிஷம் அந்தக் கண்ணாடியை வச்சுப் பாத்துட்டு—”

“கண்ணாடி கண்ணாடின்னு உயிரை எடுக்காதே! கீழே ஆளுங்க வந்து இறங்குற நேரத்துல—”

“இறங்கட்டும். மேலே வர்றதுக்குள்ளே—”

“முதல்ல கையை வெளியே எடு. பெரியவங்க முன்னால பைக்குள்ளே கையை விட்டுக்கிட்டுப் பேசுறது என்ன பழக்கம்?”

ஹேரான் கையை எடுக்கவில்லை. வெள்ளை மேலங்கியின் வலது பைக்குள் அது அப்படியே இருந்தது.

பதினோரு வருஷத்தில் பேராசிரியர் பியோவின் முன் அவள் அப்படி நின்றதே இல்லை. அதுவே அவருக்குப் பாதிக் கோபம்.

வெளியே, தேஜோன் நகரத்துக்கே தெரிகிற மாதிரி மூன்று மாடி நீளத்துக்கு விளம்பரத் துணி தொங்கியது. ‘உலகிலேயே மிகச் சிறிய லேசர்.’

லேசர் என்னவோ, ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றைம்பதை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவுதான்.

அத்தனை சிறியது தானாக எரியாது. பக்கத்தில் ஒரு பெரிய லேசர் ஒளியைப் பாய்ச்சி அதை உசுப்ப வேண்டும். உசுப்பிய ஒளி அளக்கும் கருவிக்குள் போய்விடாமல் தடுக்க, நடுவில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி.

தடுக்காவிட்டால் அது கருவிக்குள் புகுந்து, தன் அலைநீளத்துக்கு இரண்டு மடங்கான இடத்தில் ஒரு போலிக் கோடாக உட்கார்ந்துகொள்ளும். சின்னது எரிய வேண்டிய அதே இடத்தில்.

அந்தக் கண்ணாடியை மூன்று வாரத்துக்கு முன் கழற்றியவர் பியோதான்.

“நம்ம பிள்ளை தர்றதே ஒரு சொட்டு வெளிச்சம். அதுல பாதியை இந்தக் கண்ணாடி குடிச்சுடுது” என்றார். கழற்றினார். அடுத்த கணம் திரையில் ஊசி போல ஒரு கோடு எழுந்து நின்றது.

அன்றைக்குப் பியோ அழுதார். கருவி வாங்கிய புதிதில் ஊர் வழக்கப்படி பன்றித் தலை வைத்துப் படையல் போட்டு விழுந்து கும்பிட்டார்களே, அதே இடத்தில் மறுபடியும் மண்டியிட்டு நெற்றி தரையில் பட விழுந்தார்.

ஹேரானும் விழுந்தாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு இப்போது வாயெல்லாம் கசந்தது.

“ஏம்மா, உனக்கு என்னதான் குறை? கட்டுரையில உன் பேரைத்தானே முதல்ல போட்டிருக்கேன்?”

“என் பேரை எடுத்துடுங்க.”

“என்னது?”

“எடுத்துடுங்க ஐயா. முதல்லயும் வேண்டாம், கடைசியிலயும் வேண்டாம்.”

பியோ சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

“வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறியே! ஆய்வு நிலைய இயக்குநர் இன்னிக்கு எதுக்கு வர்றார்? இதைப் பாத்த கையோட உன் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடத்தான். நாப்பத்தாறு வயசாச்சு உனக்கு. ஒப்பந்தம் அடுத்த மாசத்தோட முடியுது. அப்புறம்? உங்கம்மா கூடச் சந்தையில உக்காந்து மீன்கேக் விக்கப் போறியா?”

“அம்மா மீன்னு சொல்லி மீனைத்தான் விக்கிறாங்க.”

பியோவின் முகம் கறுத்தது. மேசையில் விருந்தாளிகளுக்காக அடுக்கியிருந்த அரிசிக் கேக் பெட்டிகளைத் தேவையில்லாமல் நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

“நான் பிப்ரவரியோட ஓய்வு பெறப் போறவன். முப்பது வருஷமா இது ஒண்ணைத்தான் தேடினேன். ‘சின்னதாக்க முடியாது, எரியாது’ன்னு எத்தனை பேர் கையைத் தட்டிச் சிரிச்சாங்க தெரியுமா? நீயும் அவங்களோட சேந்துட்டியா?”

“நான் எங்கேயும் சேரலை. கண்ணாடியை வைங்கன்னுதான் சொல்றேன். நம்ம லேசர் நிஜமா எரிஞ்சா, கண்ணாடி வச்சாலும் மங்கலாவாவது தெரியுமில்ல?”

“வச்சு, இருட்டுத் திரையை இயக்குநருக்குக் காட்டச் சொல்றியா?”

“இருட்டா இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”



மின்தூக்கி வந்து நிற்கிற மணி கேட்டது. தாழ்வாரத்தில் காலணியைக் கழற்றிச் செருப்பு மாற்றுகிற சத்தம். யாரோ பெரிதாகச் சிரித்தார்கள்.

பியோ கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு அவள் தோளைப் பிடித்து, திரையின் பக்கம் திருப்பினார். குரல் திடீரென்று இறங்கிவிட்டது, கெஞ்சுகிற மாதிரி.

“பாரும்மா. உனக்கும் கண்ணு இருக்கில்ல? எரியுதா இல்லையா, நீயே சொல்லு.”

திரையில் ஊசிக்கோடு ஆடாமல் அசையாமல் நின்றது. திரைக்குப் பக்கத்தில், லேசர் பதித்த சில்லை வைக்கும் மேடையை மூடியிருந்த கறுப்புத் துணியும் அசையாமல் இருந்தது.

ஹேரான் பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள்.

உள்ளங்கையில், தீப்பெட்டியில் பாதி அளவு கண்ணாடி மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி. உள்ளே துவரம்பருப்பு மாதிரி ஒரு சில்லு. மூடியின் மேல் அவள் கையெழுத்தில் எண், தேதி. அந்த லேசர் ஒரே ஒரு சில்லில்தான் இருந்தது. அது எந்தச் சில்லு என்று அவருக்கும் தெரியும்.

பியோ பெட்டியைப் பார்த்தார். கறுப்புத் துணியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

கதவில் தட்டினார்கள்.

“எரியுது ஐயா” என்றாள் ஹேரான். “காலையில ஏழு மணிக்கே சில்லை எடுத்துட்டேன், மேடையில வெறும் தட்டுதான் இருக்கு. அப்போ அங்கே எரியறது என்னன்னு அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”