ஃபினாயில் ஊற்றிய வறுவல்

எங்கள் குடியிருப்பில் எல்லா அடுப்புக்கு மேலும் சுகாதாரத்துறை ஒரு மோப்பப் பெட்டி மாட்டியிருக்கிறது. முத்திரையில்லாத மாட்டுக்கறி வாசம் பட்டால் பத்தே நிமிடத்தில் ஆய்வாளர் வந்துவிடுவார்.

எதிர்வீட்டு ஜெசிந்தாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை. மூன்று வாரமாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. இன்றுதான் வாய் திறந்து வறுவல் கேட்டாளாம். புருஷன் வின்சென்ட் எங்கேயோ கறி பிடித்துவந்து, தேங்காய்ப் பல் போட்டு வறுத்துவிட்டான். எனக்குத் தெரியாமல் அங்கே எது நடக்கும்?

அவள் வாயில் வைப்பதற்குள் ஆய்வாளர் வந்து சட்டியில் ஃபினாயிலை ஊற்றினார். மிளகும் ஃபினாயிலும் கலந்த நாற்றம் மாடிப்படி வரை குமட்டியது. அவள் கையில் ஒரு நீலப் பசைக் குழாயைத் திணித்தார்.

"இதுவும் மாட்டுக்கறிதாம்மா. கிருமி கிடையாது."

ஒரு வாய் வைத்தவள் அவர் பூட்ஸ்மேலேயே வாந்தியெடுத்தாள். மனுஷர் அதையும் சீசாவில் வழித்து, சீட்டு ஒட்டி எடுத்துப் போனார். தூ!

வாசலில் நின்ற என்னை ஜெசிந்தா பார்த்தாள்.

"அக்கா, சட்டியை இறக்கினதும் எங்க வீட்டுக்காரரு முதல் கிண்ணம் உங்களுக்குத்தானே கொடுத்தாரு? ஒரே ஒரு துண்டு மிச்சமிருக்குமா?"

எங்கள் மாடியில் அது வழக்கம். ஆனால் கிண்ணத்தை நான் அப்போதே வழித்து நக்கியிருந்தேன். வேடிக்கை பார்க்க ஓடிவந்த அவசரத்தில் கைகூடக் கழுவவில்லை.