ஹெப்வேர்த்தின் பெயர்

"இந்த முறையும் உந்த வெள்ளைக்காரன்தானோ, அங்கிள்?"

மோர்னிங்சைட் தேவாலய அலுவலகத்தில், ஷாமிலா மடிக்கணினிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சகல ஆத்துமாக்கள் தினத்துப் பூசைகளில் வாசிக்க, இறந்தவர்களின் பெயர்களைச் சேர்ப்பது பல வருடமாக அவள் வேலை.

"பொறு பிள்ளை. முதல்லை கிறிஸ்ரினாவைப் போடு."

கிறிஸ்ரினா, அகஸ்ரினின் மனைவி. வைகாசியில் போனவள்.

"போட்டிட்டன்." அவரைச் சிரிக்க வைக்க நினைத்தாள் ஷாமிலா. "உண்மையைச் சொல்லுங்கோ, உந்த ஹெப்வேர்த் உங்களுக்கு மாமனோ, மச்சானோ?"

அகஸ்ரின் ஊரில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். பழைய உசார் கொஞ்சம் வந்தது.

"நூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்திலை மைல் ஓட்டக்காரன், பிள்ளை. நெசவு ஆலைத் தொழிலாளி. முதல் மூண்டு சுற்றும் கடைசியிலைதான் வருவான். கடைசிச் சுற்றுக்கு மணி அடிச்சாப் பிறகெல்லோ பாக்கவேணும்! பிறகு முதலாம் யுத்தத்துக்குப் போனான். உடம்பு கிடைக்கேல்லை. 'என்ரை பிள்ளை கடைசிச் சுற்றிலை வருவான்' எண்டு, நினைவுக்கல்லிலை பேர் வெட்டத் தாய் விடேல்லையாம்."

"பாவம். போடுறன்."

"வேண்டாம். அவன்ரை வேலை முடிஞ்சுது. அந்த இடத்திலை மரியோவைப் போடு."

அவள் விரல்கள் நின்றன. மரியோ அவருடைய ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடியவன். வன்னிப் போரில் காணாமல் போனவன். அவனுக்கென்று பத்தாம் நம்பர் சப்பாத்து வாங்கி வைத்து, ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கணவர் பார்க்கத் தூசி தட்டியவள் கிறிஸ்ரினா.

"அவன் ரண்டாயிரத்து ஒன்பதிலையே செத்திட்டான், பிள்ளை. புதைச்ச பாதர் எழுதினவர். கடிதத்தை ஹெப்வேர்த்தைப் பற்றின என்ரை புத்தகத்துக்குள்ளை ஒளிச்சிட்டன். இவள் கிறிஸ்ரினா தாங்கமாட்டாள் எண்டுதான். பின்னேரப் பூசையிலை இவள் பக்கத்திலை இருப்பாள். வெள்ளைக்காரன்ரை பேர் வாசிக்கேக்கை நான் என்ரை பிள்ளைக்குச் செபிப்பன். பதினாறு வருசம். ஒரு நாள்கூடச் சேர்ந்து அழேல்லை."

ஷாமிலா எழுந்தாள். அலுமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தாள்.

"உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு அன்ரி என்னட்டைச் சத்தியம் வாங்கினவ, அங்கிள். அந்தப் புத்தகத்தை அவவும் திறந்தவ."

உள்ளே, காலைப் பூசைக்கான பெயர்த் துண்டுகள். பூ அடுக்கப் போவதாகச் சொல்லி கிறிஸ்ரினா தனியே போகும் பூசை. வருடத்துக்கு ஒன்றாக, அவளுடைய சரிந்த கையெழுத்தில், மகனின் பெயர். ஒவ்வொன்றின் கீழும் ஒரே குறிப்பு:

'காலையில் மட்டும் வாசிக்கவும். பிள்ளை வருவான் என்று இவர் காத்திருக்கிறார். கேட்டால் தாங்கமாட்டார்.'